இரண்டு கிலோ ரிவால்வர்: வயோமிங் பயணக் குறிப்புகள்

வியாழன், பில்லிங்ஸ் – கோடி

பில்லிங்ஸ் விமான நிலையத்தில் மைத்துனர் கேட்ட முதல் கேள்வி, "வேட்டை உரிமம் எடுத்து வந்தீர்களா அத்தான்?" என்பதுதான். சாப்பிட்டீர்களா என்பது காரில் ஏறிய பிறகு வந்தது.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கா என்றால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கியைத் தொடலாம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே, பொதுவாக, அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். சில விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஏதேனும் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. இந்தப் பயணமே சுடுதளத்தில் பெரிய ரிவால்வரைச் சுட்டுப் பார்க்கத்தான் என்பதால், சிறு விலங்கு வேட்டை உரிமம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி, அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முட்டைகூட வேகவைப்பதில்லை என்பதை அந்த உரிமத்தில் எங்கும் கேட்கவில்லை.

பில்லிங்ஸிலிருந்து கோடி நகரம் சுமார் 170 கிலோமீட்டர். மொன்டானா எல்லையைத் தாண்டி வயோமிங்குக்குள் நுழைந்ததும் மரங்கள் விடைபெற்றுக்கொள்கின்றன. சாம்பல் நிறப் புதர்க்காடும் காற்றும்தான். 1896-இல் பஃபலோ பில் கோடி முன்னின்று உருவாக்கிய ஊர் இது. காட்டெருமை வேட்டையிலும் மேடைக் காட்சியிலும் உலகப் புகழ் பெற்ற மனிதர். மகள் பெயரில் அவர் 1902-இல் கட்டிய இர்மா ஹோட்டல் இன்றும் நடக்கிறது. கோடை மாலைகளில் அந்த ஹோட்டலை ஒட்டிய தெருவில் துப்பாக்கிச் சண்டை நாடகம் போடுகிறார்கள். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நடிகர்கள் ஒற்றைக் கையால் சரமாரியாகச் சுடுகிறார்கள். எவர் கையும் எகிறவில்லை. வெற்று வெடிதானே, குண்டு இருந்தால்தானே உதைப்பு.

வெள்ளி, அருங்காட்சியகம்

பஃபலோ பில் மையத்தின் ஒரே கூரையின் கீழ் ஐந்து அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. நாங்கள் போனது துப்பாக்கிகளுக்கானது. வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. 2019-இல் முழுவதுமாகப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். சேகரிப்பில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கின. மைத்துனர் வாசலருகே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் தேடி வந்தது ஒரே வரிசையைத்தான்: பெரிய கைத்துப்பாக்கிகளின் வம்சாவளி. அது தொடங்குவது 1847-இல். டெக்சஸ் ரேஞ்சர் படையில் இருந்த சாமுவேல் வாக்கரும் துப்பாக்கி தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்டும் சேர்ந்து உருவாக்கிய வாக்கர் கோல்ட் ரிவால்வரின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். குதிரைச் சேணத்தில் தொங்கவிடத்தான் முடியும், இடுப்பில் செருக முடியாது. சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் கரிமருந்தை அவ்வளவு கொட்டலாம். அன்றைய இரும்பு அதைத் தாங்கவில்லை. சில துப்பாக்கிகளின் உருளை சுட்டவர் கையிலேயே வெடித்தது. வாக்கரும் அதே ஆண்டு மெக்சிகோ போரில் இறந்துபோனார்.

அதற்குப் பின் 1935-இல் .357 மேக்னம் வந்தது (எண் என்பது அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம், தோராயமாக; மேக்னம் என்றால் வழக்கத்தைவிட வலுவான தோட்டா). அடுத்த பெயர் எல்மர் கீத். இடாஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர், வேட்டைக்காரர், துப்பாக்கிப் பத்திரிகைகளில் எழுதியவர். தோட்டாவில் அளவுக்கு மீறி மருந்து திணித்துப் பார்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. .45 துப்பாக்கியில் அப்படிச் செய்து உருளையை வெடிக்க வைத்த பிறகு .44-க்கு மாறினார். காரணம் எளிது. துளை சிறிதானால் அறைகளுக்கு இடையில் இரும்புச் சுவர் கனமாகும். அவர் பல ஆண்டுகள் விடாமல் நச்சரித்ததன் பலனாக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியையும் ரெமிங்டன் தோட்டாவையும் செய்ய, 1950-களின் நடுவில் .44 மேக்னம் பிறந்தது. பிறகு 1971-இல் ஒரு ஹாலிவுட் படம் அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது. அதற்குள்ளாகவே டிக் கசல் என்பவர் .454 என்று அதைவிட வலுவான ஒன்றைச் செய்துவிட்டிருந்தார். இதே வயோமிங்கில், ஃப்ரீடம் என்ற சிற்றூரில், 1983-இல் அது விற்பனைக்கு வந்தது. அதில் ஆறு அறைகள் இல்லை, ஐந்துதான். மறுபடியும் அதே சுவர்க் கணக்கு.

2003-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .500 மேக்னமும் ஐந்து அறைதான். அதற்கென்றே ஒரு புதிய, பெரிய உடற்கட்டை வடிவமைத்தார்கள். குண்டின் விட்டம் சரியாக அரை அங்குலம். அரை அங்குலத்துக்கு மேல் துளை போனால் அந்நாட்டுச் சட்டம் அதைப் பெரும்பாலும் 'அழிவுக் கருவி' என்ற தனிப் பட்டியலில் சேர்த்துவிடும். ஆகவே எல்லைக்கோட்டின் மீதே நிறுத்தியிருக்கிறார்கள். நீளமான குழல் பொருத்திய துப்பாக்கியின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், அதாவது வாக்கர் கோல்ட்டின் எடையேதான். ஒன்றரை நூற்றாண்டாக எஃகை வலுவாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பிடிக்கிற மணிக்கட்டை யாரும் மாற்றவில்லை.

சனி, சுடுதளம்

ஊருக்கு வெளியே, மண்மேட்டை முதுகாகக் கொண்ட திறந்தவெளிச் சுடுதளம். பெயர் எழுதவில்லை, சிறிய இடம். உரிமத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, பொறுப்பு எங்களுடையதே என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பயிற்சியாளர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. என் தோள் உயரம்தான் இருப்பார். நரைத்த கூந்தலைத் தொப்பிக்குள் செருகியிருந்தார். மைத்துனர் என்னைப் பார்த்தார். அவருக்கு ஆறடி உயரம், தினமும் ஜிம். "இவரா .500 கற்றுக்கொடுக்கப் போகிறார்?" என்று தமிழில் கேட்டார். அந்த அம்மாள் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். மொழி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் அரை மணி நேரம் துப்பாக்கியே இல்லை. எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் திரும்பக் கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவற்றை எங்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்தார். பிறகு இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு முக்கோணம் அமைத்து, அதன் வழியே தூரத்துக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் ஒரு கண்ணில் கம்பம் நிற்கும், மறு கண்ணில் விலகிவிடும். நிற்கிற கண்தான் குறிபார்க்கும் கண்.

ரிவால்வருக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை. உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே நெருப்பும் வாயுவும் பக்கவாட்டில் பீறிடும். சாதாரணப் பிஸ்டலைப் பிடிப்பதுபோல இடது கட்டைவிரலை முன்னால் நீட்டி வைத்தால், .500 அந்த விரலைக் கிழித்துவிடும். "இது பயமுறுத்துவதற்காகச் சொல்வது அல்ல" என்றார். ஒரு காகிதத்தை மடித்து அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தோட்டா சுட்டுக் காட்டினார். காகிதத்தின் ஓரம் கருகிக் கந்தலாகிவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் கட்டைவிரலை மடக்கியே வைத்திருந்தோம், தண்ணீர் குடிக்கும்போதுகூட.

காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு: உள்ளே நுரை அடைப்பான், மேலே பெரிய காதுமூடி. முதலில் .22. அது விளையாட்டு. ஒன்பது மீட்டர் தூரத்துக் காகித வட்டத்தில் வரிசையாகத் துளைகள் விழ, எங்களுக்குத் தலைக்கனம் ஏறியது. அடுத்து .357 ரிவால்வர், ஆனால் உள்ளே .38 ஸ்பெஷல் தோட்டா. இந்த வகைத் துப்பாக்கிகளில் இது ஒரு வசதி. மேக்னம் தோட்டாவின் உலோக உறை பழைய ஸ்பெஷல் தோட்டாவின் உறையைவிட ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளம். வலுவான புதிய தோட்டா பலவீனமான பழைய துப்பாக்கிக்குள் போகக் கூடாது என்பதற்காகவே நீட்டியிருக்கிறார்கள். அதனால் பெரியதில் சிறியதைப் போட்டுப் பழகலாம். .44 மேக்னம் துப்பாக்கிக்கும் .44 ஸ்பெஷல் உண்டு. படிப்படியாக ஏற்றினார்.

.44 மேக்னம் வந்ததும் பேச்சு நின்றது. எண்ணிக்கையில் சொன்னால், .22 தோட்டாவின் ஆற்றல் 140 ஜூல் அளவில் இருக்கும். போலீஸ் பிஸ்டல்களில் பரவலான 9 மில்லிமீட்டர் 450-க்கு மேல். .44 மேக்னம் 1,300-ஐத் தாண்டும். நின்றுகொண்டிருந்த என் கைகள் நெற்றிக்கு மேல் போய்விட்டன. குழல் வானத்தைப் பார்த்தது. ஆனால் அது தள்ளல், அறை அல்ல. "தடுக்காதீர்கள். ஏறட்டும். பிடியை மட்டும் விடாதீர்கள்" என்றார். தடுக்காமல் விட்டபோது அழகாகவே ஏறி இறங்கியது. சுற்றுக்குச் சுற்று பிடித்துப்போனது. மைத்துனரும் சிரித்துக்கொண்டே சுட்டார். ஆனால் காகிதத்தைப் பார்த்தால் இருவருடைய துளைகளும் வட்டத்துக்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்து கிடந்தன.

"துப்பாக்கியின் குறிமுள் சரியில்லையோ?" என்று மைத்துனர் கேட்டார். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் துப்பாக்கியை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று தோட்டா நிரப்பி, உருளையை மூடிக் கொடுத்தார்.

மைத்துனர் சுட்டார். வெடித்தது. மறுபடி விசையை இழுத்தார். டிக் என்ற சத்தம் மட்டும். வெடிக்கவில்லை. ஆனால் குழலின் முனை மூன்று விரல்கடை அளவு கீழே குத்தியது. தோள்கள் முன்னே பாய்ந்தன. கண்கள் இறுக மூடியிருந்தன. உதைப்பே இல்லாத இடத்தில், வரப்போகும் உதைப்பை அமுக்க அவர் உடம்பு தானாகவே துப்பாக்கியைக் கீழே தள்ளியிருக்கிறது. சில அறைகளில் சுட்டு முடித்த வெற்று உறைகளைப் போட்டிருக்கிறார் அம்மாள். எதில் எது என்று சுடுபவருக்குத் தெரியாது. வெடிக்கும்போது இந்தத் தாழ்வு தெரிவதில்லை, வெடியே அதை மறைத்துவிடுகிறது. வெடிக்காதபோதுதான் குட்டு வெளிப்படுகிறது.

அவரைப் பார்த்துச் சிரித்த கையோடு நானும் வாங்கினேன். எதற்காக இந்த ஏற்பாடு என்று நன்றாகத் தெரிந்திருந்தும் என் குழலும் அதே அளவு தாழ்ந்தது. மூளைக்குத் தெரிந்தது முழங்கைக்குத் தெரியவில்லை. மூன்றாவது வெற்று அறையில் சற்றுக் குறைந்தது. நேரமாக ஆக, விசை எந்தக் கணத்தில் விடுபடுகிறது என்று எதிர்பார்க்காமல் மெல்ல அழுத்தப் பழகினோம். காகிதத்தில் துளைகள் மேலே ஏறிவந்தன. நாள் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த டிக் டிக் தான். அதற்குக் கட்டணமும் குறைவு.

பிறகு .500. பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோதே மேசை அதைக் கவனித்தது. தோட்டா ஏறக்குறைய என் சுண்டுவிரல் தடிமன். ஒன்றின் விலை மூன்று டாலருக்கு மேல். குண்டின் ஆற்றல், வகையைப் பொறுத்து, 2,700 ஜூல் வரையும் அதற்கு மேலும் போகும். ஏ.கே.47-இன் தோட்டா சுமார் 2,000 ஜூல் அளவில்தான் நிற்கிறது. அதற்காவது தோளில் முட்டுக்கொடுக்கக் கட்டை உண்டு.

ஐந்து அறைகளில் ஒன்றில் மட்டும் தோட்டா போட்டார். ஏன் என்றேன். பழகாதவர் கையில் இது எகிறும்போது, நழுவும் பிடியை இறுக்க விரல்கள் தாமாகவே சுருங்கும். சுட்டுவிரலும் சேர்ந்து சுருங்கும். விசை இரண்டாம் முறை இழுபட்டு, குழல் வானத்தையோ சுடுபவரின் நெற்றியையோ பார்க்கும் தருணத்தில் அடுத்த தோட்டா வெடித்துவிடும். முதல் முறை சுடுபவர்களுக்கு இங்கே எப்போதும் ஒன்றுதான் என்றார். இதைக் கேட்ட பிறகு ஆறடி மைத்துனர் "நீங்கள் முதலில் சுடுங்கள் அத்தான், நீங்கள்தானே பெரியவர்" என்றார். மரியாதை அவருக்கு அன்று வந்ததுபோல் என்றும் வந்ததில்லை.

கால்களை அகட்டி நின்று, சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, குறிமுள்ளைப் பார்த்து, மெல்ல அழுத்தினேன். சத்தத்தைவிட முதலில் வந்தது காற்று. குழல் முனையில் உதைப்பைக் குறைக்க வெட்டிய துளைகள் வழியே வாயு மேலெழும்பி முகத்தில் அறைந்தது. கண்ணாடியில் மருந்துத் துகள் தெறித்தது. கடப்பாறையை ஓங்கிப் பாறையில் குத்தினால் கைக்கு ஏறுமே, அந்த அதிர்வு முழங்கைவரை வந்தது. துப்பாக்கி என் தொப்பிக்கு மேல் நின்றது. மண்மேட்டில் புழுதி எழுந்து அடங்கியது. காகிதத்தில் துளை எங்கே என்று தேடினோம். வட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

இன்னும் ஒன்று சுட்டேன். போதும் என்று தோன்றியது. மைத்துனரும் சுட்டார், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவரும் போதும் என்றார். பிறகு அந்த அம்மாள் ஐந்து அறைகளையும் நிரப்பி, முழங்கைகளைச் சற்றே மடக்கி, அவசரமில்லாமல் ஐந்தையும் சுட்டார். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி அவர் தலைக்கு மேல் போய், போன வழியிலேயே திரும்பி வந்தது. ஐந்து துளைகளையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம். கடைகளில் பழைய .500 விற்பனைக்கு வந்தால், கூடவே நாலைந்து மட்டும் குறைந்த தோட்டாப் பெட்டியும் வரும் என்று சொல்லிச் சிரித்தார்.

சுட்டு முடித்தவர்கள் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, ஈயம் ஒட்டியிருக்கும். இதை மட்டும் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, எல்லோஸ்டோன்

காலையில் பல்துலக்கும் தூரிகையைப் பிடிக்கும்போது வலது மணிக்கட்டு பேசியது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை கன்றிச் சிவந்திருந்தது. மைத்துனர் ஸ்டீயரிங்கை இடது கையால் பிடித்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

கோடியிலிருந்து மேற்கே, 1910-இல் கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமாக இருந்த பஃபலோ பில் அணையைத் தாண்டி, சில்வன் கணவாய் வழியே எல்லோஸ்டோன் பூங்காவுக்குள் போனோம். இயற்கையை வருணிக்க இங்கே இடமில்லை, அதற்கு வேறு பயணக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. நான் தேடியது கரடியை. .44, .454, .500 எல்லாவற்றுக்கும் கடைக்காரர்கள் சொல்லும் நியாயம் கரடிதான். காட்டில் கரடி பாய்ந்தால் இடுப்பில் ஒன்று வேண்டாமா?

ஹேடன் பள்ளத்தாக்கில் ஒரு வளைவில் கார்கள் தேங்கியிருந்தன. தொலைநோக்கி வைத்திருந்த ஒருவர் எங்களையும் பார்க்கவிட்டார். புல்வெளிக்கு அப்பால், வெகு தூரத்தில், கிரிஸ்லி எனும் பழுப்புக் கரடி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. தோள்பட்டைத் திமில் அசைந்து அசைந்து தெரிந்தது. கரடிக்கு 91 மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது என்பது பூங்கா விதி. கிரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 50 மீட்டர் தூரத்திலிருந்து பாய்ந்தால் நாலு நொடிகூடக் கிடைக்காது. அசையாத காகிதத்தின் முன்னால், நிதானமாக மூச்சுவிட்டு நின்றபோதே என் குழல் மூன்று விரல்கடை தாழ்ந்தது. கரடிக்கு முன்னால் எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூங்காவுக்குள் துப்பாக்கி வைத்திருக்க 2010 முதல் அனுமதி உண்டு, ஆனால் சுடத் தடை.

அங்கே நின்ற வனக்காவலர் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் பரிந்துரைப்பது கரடிக்கான ஸ்ப்ரே டப்பா. அதில் இருப்பது வேறொன்றுமில்லை, மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின். எட்டு, ஒன்பது மீட்டர் தூரத்துக்கு ஆரஞ்சு நிற மேகமாகப் பீய்ச்சும். நுணுக்கமாகக் குறி பார்க்கத் தேவையில்லை, உதைப்பு இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் மேகம் மேகம்தான். அலாஸ்காவில் நடந்த நிகழ்வுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, பழுப்புக் கரடிகளை ஸ்ப்ரே நூற்றுக்கு 92 தடவை தடுத்து நிறுத்தியதாகச் சொல்கிறது. நேற்றைய பயிற்சியாளரிடமும் கரடிக்கு எது என்று கேட்டிருந்தேன். "முதலில் ஸ்ப்ரே. அதற்குப் பிறகு கை சும்மா இருந்தால் .44" என்றார். .500-ஐப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் படித்த அத்தனை உருளை வெடிப்புகளையும் தாண்டி வந்த எஃகு, குண்டூர் சரக்கின் தூரத்து உறவுக்காரனிடம் தோற்றுப்போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திங்கள், பில்லிங்ஸ்

சுட்ட .500 உறை ஒன்றை நினைவுக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்த அம்மாள் கொடுத்திருந்தார். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அதை மைத்துனரின் காரிலேயே வைத்துவிட்டு வந்தேன். இந்திய விமான நிலையத்தில் பையில் தோட்டா அகப்பட்டால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி வழக்கு. இது வெற்று உறைதான், சுற்றுலாப் பொருள்தான் என்று அதிகாலை மூன்று மணிக்குச் சென்னையில் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். அதேபோல் உரிமம், விசா விஷயத்தைச் சுடுதளத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் கேட்கும் தாள்கள் மாறுகின்றன. முதல் நாளே .500 வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். .44 ஸ்பெஷலில் தொடங்கினால் பணமும் மிஞ்சும், மணிக்கட்டும் மிஞ்சும்.

மைத்துனர் டென்வர் திரும்பியதும் ஒரு .22 ரிவால்வர் வாங்கப்போகிறாராம். கொலராடோவில் குறைந்தது மூன்று நாள் காத்திருந்துதான் கையில் வாங்க முடியும். வெற்று உறைகளை வைத்து டிக் டிக் என்று பழகத்தான், வேறெதற்கும் இல்லை என்று சத்தியம் செய்தார். "அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் அத்தான்" என்று பாதுகாப்புச் சோதனை வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நானும் தலையாட்டினேன். நான் எழுதுவதை எல்லாம் முதலில் படித்துப் பிழை திருத்தித் தருவது அவருடைய அக்காதான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.